கொலம்பஸ் படகும் இரண்டு வரிசைகளும்

வடக்குத்து ஊரைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருந்தது. அதில் பதினோரு வருஷம் ஃபிட்டராக வேலை பார்த்தேன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு வருஷம் அப்ரண்டிஸாக இருந்தபோது பேரிங் மாற்றக் கற்றுக்கொண்டிருந்தேன். பர்மனன்ட் ஆகிவிடலாம் என்று காத்திருந்த காலத்தில் கல்யாணம் ஆயிற்று, மகள் பிறந்தாள், வயது வரம்பும் தாண்டிப்போனது. வீட்டுக்காரர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பூங்காவில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவர்தான் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். பொம்பளை ஃபிட்டரா என்று முதலாளி ஒரே ஒரு முறை இழுத்தார். ராட்டினத்தின் உச்சிக்கு ஏறி, தளர்ந்திருந்த ஒரு நட்டை முறுக்கிவிட்டு இறங்கினேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த முதலாளி முந்திரி வியாபாரி. இயந்திரம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பயம் தெரியும். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. அன்றைக்கு எல்லா ரைடுகளையும் பிரித்துப் பார்ப்போம். சாயங்காலம் அவர் வந்து ஒவ்வொன்றிலும் தானே முதலில் உட்கார்ந்து ஒரு சுற்று போவார். கொலம்பஸ் படகில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார். அப்போதெல்லாம் எல்லோருக்கும் ஒரே வரிசைதான். சுரங்க டவுன்ஷிப் பிளாக்குகளிலிருந்து வரும் அதிகாரி குடும்பமும், லாரியில் வந்து இறங்கும் கிராமத்து ஆட்களும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டில் தங்கிவிட்டதால் அவர் பூங்காவைச் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு விற்றார். கம்பெனி வந்ததும் முதலில் எங்கள் சட்டையின் நிறம் மாறியது. அடுத்து செவ்வாய்க்கிழமை விடுமுறை போயிற்று. தினமும் காலையில் திறப்பதற்கு முன் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில்தான் எல்லா ரைடுகளையும் பார்க்க வேண்டும். முன்பு ஒரு உதிரிபாகம் வேண்டுமென்றால் முதலாளியிடம் வாயால் சொல்வேன்; மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கும். இப்போது படம் பிடித்து, படிவம் நிரப்பிக் கொடுத்தால், கம்பெனி வைத்த மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு மெயில் போடுவார். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வரும்.

மூன்றாவதாக வந்ததுதான் ஆரஞ்சுப் பட்டை. கூடுதல் கட்டணம் செலுத்தினால் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். பட்டை கட்டியவர்களுக்குத் தனி வாசல், தனி வரிசை. அவர்கள் ஏறியது போக மிச்சமிருக்கும் இடத்தில்தான் மற்றவர்கள் ஏறலாம். சாதாரண நாட்களில் இது தெரியாது. கூட்ட நாட்களில் பொது வரிசை அப்படியே நின்றுவிடும்.

கொலம்பஸ் என்பது உயரமான இரும்புக் கால்களுக்கு இடையில் ஒரு தண்டில் தொங்குகிற பெரிய படகு. அடியிலிருந்து ஒரு டயர் சுழன்று அதைத் தள்ளித் தள்ளி ஆட்டும். அத்தனை எடையையும் தாங்குவது தண்டின் இரண்டு முனைகளிலும் இருக்கிற பேரிங்குகள். ஒருநாள் காலையில் இடது பக்கத்து பேரிங் மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டேன். உள்ளே மணலை அரைப்பதுபோல ஒரு சத்தம். பதிவேட்டில் எழுதினேன். மேனேஜர் மெயில் போட்டார். அந்தச் சமயத்தில்தான் கம்பெனியின் பங்குதாரர்களுக்குள் தகராறு வந்து, பாதியை வேறொரு நிறுவனம் வாங்கியது. யார் கையெழுத்துப் போட்டால் பேரிங் வரும் என்று மேனேஜருக்கே தெரியவில்லை. நான் வாரா வாரம் அதே வரியைப் பதிவேட்டில் எழுதினேன். கிரீஸை அதிகமாக அடைத்தேன். படகின் இரண்டு கடைசி வரிசைகளையும் கயிறு கட்டி மூடி எடையைக் குறைத்தேன். அதனால் ஒரு சுற்றுக்கு ஏறுகிறவர்கள் குறைந்தார்கள். பொது வரிசை இன்னும் நீண்டது. மேனேஜர் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். நான் அவிழ்க்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. இரண்டு பேருக்குமே சண்டை போடத் தெம்பில்லை.

காணும் பொங்கலன்று கூட்டம் நெடுஞ்சாலை வரை நின்றது. கொலம்பஸை ஓட்டுகிறவர் மதியம் சாப்பிடப் போனதால் அந்த நேரத்துக்கு நான் வாசலில் நின்றேன். பொது வரிசையின் முன்னால் ஒரு பெண், பத்து வயது மகளோடு நின்றிருந்தார். விருத்தாசலம் பக்கத்துக் கிராமம். அறுவடைக்கு நடுவில் ஒரு நாள் ஒழித்துக்கொண்டு வந்ததாகப் பின்னால் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று முறை படகு நிறைந்தது. மூன்று முறையும் ஆரஞ்சுப் பட்டைக்காரர்கள்தான். அவர் என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்:

"ரெண்டு மணி நேரமா நின்னுக்கினே இருக்கோங்க. பட்ட கட்னவங்க வந்துக்கினே இருக்காங்க. எங்க முற எப்பங்க?"

ஆரஞ்சு வாசலின் சங்கிலியைப் போட்டுவிட்டு, பொது வரிசையைத் திறந்தேன். அந்த ஒரு சுற்று முழுவதும் அவர்களுக்கே. பட்டை கட்டிய ஒருவர் இதற்காகவா கட்டணம் செலுத்தினோம் என்று என்னோடு வாக்குவாதம் செய்தார். மேனேஜரைக் கேளுங்கள் என்று கையைக் காட்டினேன். மகள் ஓடிப்போய் ஓரத்து இடத்தைப் பிடித்தாள். மடிக்கு மேல் பூட்டும் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு வந்து ஓட்டினேன்.

படகு நான்கு முறை ஆடியிருக்கும். ஐந்தாவது முறை மேலே போய்த் திரும்பும்போது தண்டிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்த முறையும் அதே இடத்தில். பயணிகள் கூச்சலில் அது யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். அழுத்தியவுடன் அந்தப் படகு நிற்காது. தானாக ஆடி அடங்க வேண்டும். அந்த ஒரு நிமிஷம் தண்டைப் பார்த்தபடியே நின்றேன்.

எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். ஆனால் கோபமாக இறங்கினார்கள். அந்தப் பெண் கடைசியாக வந்தார். மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"இதுக்குத்தாங்க ஏத்துனீங்களா?" என்றார்.

"பேரிங் போயிடுச்சும்மா. ஓட்டினா ஆபத்து" என்றேன். நான் சொன்னதை நம்பினாரா என்று தெரியவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆரஞ்சுப் பட்டைக்காரர்களுக்குக் கவுண்டரில் இன்னொரு நாள் வருவதற்குச் சீட்டு கொடுத்தார்கள். படகில் பாதியில் இறங்கியவர்களுக்காவது அதைக் கொடுக்கச் சொல்லி மேனேஜரிடம் ஓடினேன். பொது டிக்கெட்டுக்கு அப்படிக் கொடுக்க கம்ப்யூட்டரில் வழியில்லை என்றார். அரை மணி நேரம் கழித்து, பாதி ஆட்களை ஏற்றி மெதுவாக ஓட்டலாமே என்று அவரே வந்து கேட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்திருக்க வேண்டும். மோட்டாரின் ஃப்யூஸைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டு, மற்ற ரைடுகளைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் மேலே ஏறி பேரிங் மூடியைத் திறந்தேன். கிரீஸ் முழுக்க இரும்புத் தூள், வெள்ளிச் சேறு மாதிரி. உருளைகளைப் பிடித்திருக்கும் கூண்டு உடைந்திருந்தது. இரண்டு உருளைகள் பிளந்திருந்தன. துணியில் சுற்றி எடுத்துவந்து மேனேஜர் முன்னால் வைத்தேன். முப்பது வயதுக்காரர், கோயம்புத்தூர்ப் பக்கம். படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் மெயில் போட்டேங்க்கா" என்றார்.

"தெரியும் தம்பி" என்றேன். அவர் போட்டது எனக்குத் தெரியும்தான்.

பழைய பங்குதாரர்களும் புதிய நிறுவனமும் கோர்ட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு பூங்காவை விட அந்தப் பதிவேட்டுக்குத்தான் மதிப்பு கூடிவிட்டது. பழைய பங்குதாரர்களின் ஆள் ஒருவர் வந்தார். பராமரிப்பில் எந்தக் குறையும் இல்லை, முன்னெச்சரிக்கையாக நிறுத்தப்பட்டது என்று டைப் செய்த காகிதத்தில் என் கையெழுத்தைக் கேட்டார். அடுத்த வாரம் புதிய நிறுவனத்தின் வக்கீல் அதே மேசையில் உட்கார்ந்து வேறொரு காகிதத்தை நீட்டினார். இந்தப் பூங்காவில் ஆரம்பத்திலிருந்தே பராமரிப்பு என்று ஒன்று நடக்கவில்லை என்று அதில் இருந்தது. முதல் காகிதம் பொய் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. இரண்டாவதைப் படித்தபோதுதான் தாங்கவில்லை. இத்தனை வருஷம் காலையில் ஏறி இறங்கியதையெல்லாம் அழித்துவிட்டு அதன் கீழே என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் யார் ஜெயிப்பார்களோ அவர்களுக்குப் போட்டுவிடு என்றார். யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டேன். தெரியவில்லையே என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னார்.

மறுநாள் திரும்பி வந்த வக்கீலிடம் பதிவேட்டை நகர்த்தி வைத்தேன். "இதுல பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து இருக்குங்க. இதுக்கு மேல புதுசா ஒண்ணும் போட மாட்டேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டு போனார். பழைய ஆட்களும் வந்து படம் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு தரப்புமே அதைத்தான் கோர்ட்டில் காட்டுகிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த வருஷமே பூங்காவை மூடினார்கள். எனக்கும் ஒரு வாட்ச்மேனுக்கும் மட்டும் வேலை இருந்தது. இயந்திரங்கள் இறுகிப்போகாமல் இருக்க, வாரத்துக்கு இரண்டு நாள் கொலம்பஸைத் தவிர ஒவ்வொரு ரைடையும் காலியாக ஓட்ட வேண்டும். ஆளில்லாத ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது எந்த வேலையையும் விட அலுப்பாக இருந்தது. சுற்றிலும் புல் முழங்கால் அளவு வளர்ந்தது.

பிறகு, வழக்குக்கு நடுவிலேயே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு, கொலம்பஸை மட்டும் வேறு மாநிலத்துக்காரர் ஒருவருக்கு விற்றார்கள். பிரித்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு துண்டிலும் பெயின்டால் எண் போட்டேன். புது பேரிங் வாங்காமல் மாட்டக்கூடாது என்று, வாங்க வந்தவருடைய ஃபிட்டருக்கு போனில் அரை மணி நேரம் சொன்னேன். அவருக்குத் தமிழ் பாதிதான் புரிந்தது. சரி, சரி என்றார். எழுதிக்கொண்டாரா என்று கேட்டேன். அதற்கும் சரி என்றார்.

இப்போது சேத்தியாத்தோப்பில் ஒரு பம்புசெட் பட்டறையில் இருக்கிறேன். நடவுக் காலத்தில் தலைக்கு மேல் வேலை. மோட்டார் ஓடவில்லை என்றால் ஓடவில்லை, அவ்வளவுதான். அதில் யாரும் ஏறி உட்காருவதில்லை. அது ஒரு நிம்மதி. சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்தவுடன் தூங்கிவிடுகிறேன். நான் இறங்க வேண்டிய டவுன்ஷிப் ஆர்ச் வந்ததும் கண்டக்டர்தான் தட்டி எழுப்புகிறார்.