நாடாவுக்கு முன்னால் ஒரு முகம்

அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு அறுநூறு படுக்கை விரிப்புகள் சூடான உருளைக்குள் போய் வருகின்றன. ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து, விளிம்பு விரல் அகலம்கூடக் கோணாமல் உள்ளே தள்ள வேண்டும். கோணினால் சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்தால் மறுபடி நனைத்துப் போட வேண்டும். பதினான்கு வருடமாக அவள் செய்வது இந்த வேலைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயத் திடலுக்கு வந்தால் அங்கே எல்லாருக்கும் அவள் ‘இஸ்திரி அக்கா’.

அவள் கணவனுக்கும் திடலில் ஒரு பெயர் உண்டு: சிலிண்டர். வார நாட்களில் மாடி மாடியாக கேஸ் சிலிண்டர் தூக்குகிறவன். ஞாயிற்றுக்கிழமை பிரேக்கே இல்லாத பைக்கில் மண் பாதையைச் சுற்றுகிறவன். ஸ்பீட்வே என்கிற அந்தப் பந்தயத்தில் நான்கு பேர், நான்கு சுற்று, எல்லா வளைவும் இடது பக்கம். பின்சக்கரத்தை வழுக்க விட்டு, காலணியில் இரும்புத் தகடு மாட்டிய இடது காலைத் தரையில் இழுத்தபடி திரும்ப வேண்டும். ஒரு நிமிடத்தில் ஓட்டம் முடிந்துவிடும். யார் முந்துவார் என்பது பெரும்பாலும் கிளம்பும் அந்த ஒரு நொடியிலேயே தெரிந்துவிடும். பைக்குகளுக்கு முன்னால் நெஞ்சு உயரத்தில் நாடா கட்டியிருக்கும். அது விருட்டென்று மேலே ஏறியதும் கிளம்பலாம். அதற்கு முன் தொட்டால் அந்த ஓட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

சிலிண்டருக்கு வராதது அந்த ஒரு நொடிதான்.

“மாமா கிளம்புறதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சு, கிளாஸைக் கழுவிக் கவுத்தும் வச்சிடுவேன்” என்பான் அவள் தம்பி. மாமாவின் பைக்குக்கு அவன்தான் மெக்கானிக்.

போன வருடம் விழுந்ததில் சிலிண்டரின் இடது தோளில் ஒரு தகடு வைத்தார்கள். அதே தோளில் இன்னொரு முறை விழுந்தால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சுமை தூக்கிப் பிழைக்கிறவனிடம் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். சர்வதேசப் போட்டிக்கான தகுதிச் சுற்று இந்த வருடம் உள்ளூர்த் திடலிலேயே நடக்கிறது. பதினாறு பேரில் முதல் ஆறு பேர் அடுத்த சுற்றுக்கு வெளிநாடு போவார்கள். அந்த ஆறில் வந்தால் போவது. வராவிட்டால் பைக்கைக் கொடுத்துவிடுவது.

ஆறு மாதம் வீட்டுக் கொல்லையில் பயிற்சி நடந்தது. துணி காயப்போடும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே எலாஸ்டிக் கட்டினார்கள். அதை மேலே இழுக்கும் கயிறு அவள் கையில். நான்காவது மாதத்தில் சிலிண்டர் மின்னலாகக் கிளம்பினான். கொல்லைச் சுவர் வந்துவிடுகிறதே என்பதுதான் கவலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை திடலுக்குப் போனால் பழைய கதைதான். மற்ற மூன்று பேரின் பின்சக்கர மண் முழுவதும் அவன் முகத்தில். காரணம் யாருக்கும் புரியவில்லை.

தகுதிச் சுற்றன்று காலை திடலின் செயலாளர் அவளைத் தேடி ஓடி வந்தார். நாடாவுக்கு முன்னால் நின்று பைக்குகளை வரிசைப்படுத்துகிற கணக்கு வாத்தியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, கால் வீங்கிப் படுத்திருந்தார்.

“நாலு சக்கரத்தை ஒரே கோட்டுல நிறுத்தணும், அவ்வளவுதான்க்கா. கோணல் கண்டுபிடிக்க உங்களை விட்டா யாரு இருக்கா?”

“என் வீட்டுக்காரர் ஓட்டுறாரேங்க. தப்பாப் பேச மாட்டாங்களா?”

செயலாளர் வெளிநாட்டு நடுவரிடம் கேட்டுவிட்டு வந்தார். “நாடாவை ஏத்துற பட்டன் மேல கூண்டுல அவர் கையில இருக்காம். நீங்க கையைத்தான் காட்டப் போறீங்க, காட்டட்டும்னு சொல்லிட்டார்.”

வாத்தியாரின் ஆரஞ்சு மேல்சட்டை அவளுக்கு முழங்கால் வரை வந்தது. முதல் ஓட்டங்களில் பயத்தில் அவள் முகம் பலகையாக இறுகியிருந்தது. சிலிண்டர் தன் முதல் ஓட்டத்தில் கடைசியாகக் கிளம்பி, இரண்டு பேரைத் தாண்டி இரண்டாவதாக வந்தான்: இரண்டு புள்ளி. அடுத்ததில் முன்னால் போன இருவரும் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ள, இவன் முதலாவது: மூன்று புள்ளி.

அவனுடைய மூன்றாவது ஓட்டம் வருவதற்குள் அவளுக்கு வேலை பழகிவிட்டது. உடம்பு தளர்ந்தது. மஞ்சள் ஹெல்மெட்காரனின் சக்கரம் அங்குலம் அங்குலமாக முன்னால் நகர்வதைப் பார்த்து, கையால் பின்னே போகச் சொன்னாள். அவன் போனான். பைக்குகளின் வழியை விட்டுச் சற்று ஒதுங்கி, மறுபடி நகர்ந்துவிடுவானோ என்று கீழுதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

அடுத்த கணம் ஒரு பைக் நாடாவுக்குள் பாய்ந்தது. அறுந்த நாடா சிவப்பு ஹெல்மெட்டில் சுற்றிக்கொண்டது. அது சிலிண்டர்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த ஓட்டத்தில் அவனுக்கு இடமில்லை. காலையிலிருந்து முழு உடுப்பில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்த மாற்று வீரர், கையுறையை மாட்டிக்கொண்டே அவன் இடத்துக்கு ஓடி வந்தார்.

ஓட்டங்களுக்கு நடுவே டிராக்டர் மண்ணைச் சமப்படுத்தும் நேரத்தில் அவள் பைக்குகள் நிற்கும் கொட்டகைக்கு விரைந்தாள்.

“ஏறிடுச்சுன்னு நெனச்சேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தான் சிலிண்டர்.

“ஏறவே இல்ல மாமா. அது செவனேன்னு இருந்துச்சு. நீங்கதான் போய் மாலையாப் போட்டுக்கிட்டீங்க.”

“கிளம்புறப்ப என்னைப் பாத்தீங்களா?” என்று கேட்டாள் அவள்.

“எதிர்ல நிக்கிற. பாக்காம?”

“நான் உதட்டைக் கடிச்சேன்.”

சிலிண்டர் விழித்தான். தம்பிக்குத்தான் முதலில் உறைத்தது. “அக்கா! கொல்லையில கயித்தை இழுக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் நீ உதட்டைக் கடிப்ப. ஊசியில நூல் கோக்கும்போதும் அப்படித்தான் பண்ணுவ. அப்போ ஆறு மாசமா மாமா எலாஸ்டிக்கையே பாக்கல!” ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். “வாய் பாத்துட்டு நிக்கிறதுன்னு சொல்வாங்களே, இதுதானா மாமா அது?”

மூவரில் அவன் மட்டுமே சிரித்தான்.

நான்காவது ஓட்டத்தில் அவள் சக்கரங்களை நிறுத்திவிட்டுக் கணவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். சிலிண்டர் கடைசியாகக் கிளம்பினான். ஒரு புள்ளிதான் கிடைத்தது. மொத்தம் ஆறு. மீதி ஒரே ஓட்டம்.

“முதுகைக் காட்டிட்டு நின்னா நான் என்னன்னு நெனைக்கிறது?” என்றான் கொட்டகையில். “கோவமோன்னு இருந்துச்சு.”

“கோவம்தான். என்மேல.” அவன் கழுத்துப் பட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். “இந்த வாட்டி நேராத்தான் நிப்பேன். உதட்டைக் கடிப்பேன், சிரிப்பேன், என்ன வேணா பண்ணுவேன். அது உங்களுக்கு இல்ல. புது நாடாவுல ஒரு இடத்துல நூல் பிரிஞ்சிருக்கு. அடுத்த ஓட்டத்துல நீங்க நிக்கிற இடத்துக்கு நேரா. அதை மட்டும் பாருங்க.”

“நீ அழுதா?”

“அப்பவும் நூலைத்தான்.”

அவள் அழவில்லை. சிலிண்டர் முதலாவதாகக் கிளம்பி முதலாவதாகவே வந்தான். ஒன்பது புள்ளி. ஆறாவது இடத்துக்கு அதே ஒன்பது புள்ளியில் இன்னொருவனும் இருந்தான், இருபது வயதுகூட ஆகாத ஒரு வெளிநாட்டுக்காரன். இருவருக்கும் தனியாக ஓர் ஓட்டம்.

அவள் இளைஞனின் சக்கரத்தை அரை அங்குலம் பின்னே போகச் சொன்னாள். கணவனையும் அரை அங்குலம் பின்னே போகச் சொன்னாள். பிறகு ஒதுங்கி நின்றாள். நாடா ஏறியது. சிலிண்டர் முன்னால் போனான்.

இரண்டு சுற்றுக்கு அவன்தான் முன்னால். மூன்றாவது சுற்றில், தூசி அடங்கத் தெளித்த தண்ணீர் அதிகமாக விழுந்திருந்த வளைவில் பின்சக்கரம் வேண்டியதைவிடக் கூடுதலாக வழுக்கியது. பைக் இடப்பக்கமாக, அந்தத் தோள் பக்கமாகவே சாய்ந்தது. சிலிண்டர் கண்ணிமைக்கும் நேரம் ஆக்சிலேட்டரைத் தளர்த்தினான். இளைஞனுக்கு அந்த நேரம் போதும். முடிவுக் கோட்டில் வித்தியாசம் அரைச் சக்கரம்.

கொட்டகைக்கு வந்ததும் அவன் முதலில் சொன்னது, “கையை விட்டுட்டேன்.”

“தெரியும். பாத்தேன்.”

“புடிச்சிருந்தா ஜெயிச்சிருப்பேன்.”

“இல்லன்னா விழுந்திருப்பீங்க.” அவன் இடது தோள்மேல் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

செயலாளர் ஒரு தாளோடு வந்தார். ஏழாவதாக வந்தவருக்கு அடுத்த சுற்றில் மாற்று வீரர் இடம் உண்டு. பத்து நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும். வேண்டாமென்றால் எட்டாவதாக வந்தவருக்குப் போய்விடும்.

“அங்க போய் வாளிமேல உக்காந்திருக்கவா?” என்றான் சிலிண்டர். “ஆறுல வரலைன்னா பைக்கைக் கொடுத்திடுறதுன்னு பேசினோமே.”

“ஏழுல வந்தா என்னன்னு பேசலையே.”

“போய் ஓட்டாமலே திரும்பி வந்தா?”

“ஓட்டாமலே வந்தா தோளும் பத்திரமா வரும். எனக்கு அது போதும்” என்றாள். “ஆனா அங்கயும் எவனாவது பொண்டாட்டி வாயைப் பாத்துட்டு நாடாவை அறுப்பான், பாருங்க.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முதல் சிரிப்பு. கையுறையைக் கழற்றாமலே கையெழுத்துப் போட்டான். அது கோழி கிண்டியதுபோல் இருந்தது. கூட வருபவர் என்ற கட்டத்தில் மைத்துனன் தன் பெயரை எழுதப் போனான். சிலிண்டர் பேனாவைப் பிடுங்கி வேறு பெயர் எழுதினான்.

அவள் கொட்டகைக்கு வெளியே போய்ச் சலவைக்கூடத்து மேற்பார்வை அம்மாவுக்கு போன் போட்டாள்.

“அடுத்த மாசம் நாலு நாள் லீவு வேணும்மா.”

“ஜெயிச்சுட்டாரா?”

“ஏழாவதும்மா.”

“ஏழாவதுக்கா நாலு நாள்?”

“ஆமாம்மா” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “முடிஞ்சா அஞ்சு” என்றாள்.