அம்மாவின் காது

தம்பியை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கேட்டு வந்ததில்லை. "காதுக்காரர் வீடு எது?" என்றுதான் கேட்பார்கள். கீழே அக்காவின் தையல் கடை, பக்கவாட்டில் படியேறினால் தம்பியின் அறை. வருகிறவர்களை அக்கா முதலில் காலைத் துடைக்கச் சொல்வாள், பிறகுதான் மேலே அனுப்புவாள். தன் தம்பி பெரிய ஓவியன் என்று அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. கால் துடைக்கச் சொல்கிற தோரணையிலேயே அது தெரிந்துவிடும்.

அவன் வரைந்தது பெரும்பாலும் செத்துப்போனவர்களை. யாராவது ஒரு மங்கிய போட்டோவைக் கொண்டுவந்து நீட்டினால், அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இவங்க காது உங்க வீட்டுல யாருக்கு வந்திருக்கு?" என்பான். அழுத கண்ணோடு வந்த குடும்பம் ஒருவர் காதை ஒருவர் திருப்பிப் பார்த்துக்கொள்ளும். யாராவது சிரித்துவிடுவார்கள். காது ஒத்துப்போகிறவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, அந்தக் காதிலிருந்துதான் படத்தை ஆரம்பிப்பான். "கண்ணும் வாயும் போட்டோன்னா வேஷம் கட்டிக்கும். காதுக்கு நடிக்கத் தெரியாது" என்பான்.

அந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவர்களுடைய அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ, நூற்பாலையில் கூட வேலை பார்த்தவர்களோடு எடுத்தது. கேமரா சொடுக்கும் நேரத்தில் யாரோ கூப்பிட, அம்மா திரும்பிவிட்டாள். முகம் முழுக்கக் கலங்கிப்போய், ஒரு காது மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. நாற்பத்தொரு வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அப்போது தம்பி கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டியிருந்தான், அவ்வளவுதான். அவனுக்கு அம்மா என்றால் அந்தக் காதுதான். அக்காவுக்கு முகமே நினைவிருந்தது. பார்த்தவர்களும், "அச்சு அசல் உங்கம்மாவேதான்" என்று அவளைச் சொன்னார்கள்.

"ஊரார் அம்மாவையெல்லாம் வரையறே, நம்ம அம்மாவை எப்பதான்டா வரைவே?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"உனக்கு அம்மா போன வயசு வரட்டும்."

"இப்பவே வரைஞ்சா என்ன?"

"இந்த முகத்துல நானா பத்து வருஷத்தை ஏத்தினா அது பொய்க்கா."

அக்காவுக்கு அது நியாயமாகவே பட்டது. ஒரு தையல் பிசகினால் முழு மடிப்பையும் பிரித்துத் தைக்கிறவள் அவள். பிறந்தநாள்தோறும் தம்பி அவளை ஜன்னலோரம் நிறுத்தி, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "இன்னும் ஆகலை" என்பான். "கிழவியானதும் சொல்லியனுப்பு" என்று அவள் கடைக்கு இறங்கிவிடுவாள்.

இன்னொரு பழக்கமும் அவனுக்கு இருந்தது. மெல்லிய கோடு போடும்போது தூரிகையின் முனையை உதட்டில் வைத்து உருட்டிக் கூராக்குவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதோடு, மற்றவர்கள் எப்போதோ கைவிட்ட ஈய வெள்ளையை அவன் விடவில்லை. புது வெள்ளை சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது, அதில் தோலின் நிறம் வராது என்பான். வண்ணக்கடைக்காரர் ஒருமுறை டப்பாவைக் காட்டி, "மண்டை ஓடு போட்டிருக்கான், பாத்தீங்களா?" என்றார். தம்பி உற்றுப் பார்த்துவிட்டு, "கண்குழி ரெண்டும் சமமா இல்லையே" என்று சொல்லி வாங்கி வந்தான். அதை அக்காவிடம் சொன்னபோது இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அக்காவுக்கு நாற்பத்தொன்று பிறந்த அன்று தம்பி அவளை வெகுநேரம் பார்த்தான். பிறகு மெதுவாக, "வந்துட்டே" என்றான். அன்றே படத்துக்கான துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வெள்ளை பூசிக் காய வைத்தான்.

அது காய்வதற்குள் அவன் கை விழுந்துவிட்டது. சில மாதங்களாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பான். ஈறில் நீலமாக ஒரு கோடு ஓடியிருந்தது. சாயம் ஒட்டியிருக்கிறது என்று அக்கா வாய் கொப்பளிக்கச் சொன்னாள். ஒருநாள் காலையில் டம்ளரை எடுக்கப் போனவனின் வலது மணிக்கட்டு நிமிராமல் அப்படியே தொங்கியது.

"ஈயம் நரம்புக்குள்ள போயிருக்கு. இனி வாயில வைக்கவே கூடாது" என்றார் டாக்டர். "கை திரும்பி வரலாம். வராமலும் போகலாம்."

"ஒரு வருஷத்துக்குள்ள வருமா?" என்றான் தம்பி.

"அதென்ன கணக்கு?"

தம்பி திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான். அக்காவுக்குத் தெரியும். அந்த வருஷம் கழிந்தால் அவள் முகம் அம்மாவின் வயதைத் தாண்டிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஈய வெள்ளை டப்பாக்களை ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு போய்க் குப்பையில் போட்டாள். இடது கையால் முயன்று பார்த்தவன், "இது சுவத்துக்கு அடிக்கத்தான் லாயக்கு" என்று தூரிகையை வீசினான். அக்கா கனத்த துணிக்குள் மெல்லிய மரச்சட்டம் வைத்து மணிக்கட்டுக்கு ஒரு பட்டை தைத்தாள். கை நிமிர்ந்தது, ஆனால் நடுங்கியது. கடைசியில் அவளே அவன் பின்னால் நின்று கையைத் தாங்கிப் பிடித்தாள். அவள் முகம் அவனுக்குத் தெரிய வேண்டுமே என்று கடையிலிருந்த ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கி வந்து எதிரே சாய்த்து வைத்தார்கள்.

கடையைப் பாதி நாளுக்குமேல் பூட்டி வைத்து இப்படி நின்றாள். போட்டோவைப் பார்த்துக் காது முதலில் வந்தது. அதற்கே வாரக்கணக்கானது. அடிக்கடி தூரிகை உதட்டை நோக்கி எழும்பும். அவள் பிடித்து இழுப்பாள்.

"விடு, பழக்கதோஷம்."

"பல்லைத் தட்டிடுவேன்."

காதுக்குப் பிறகு கன்னத்தின் ஓரம், ஒரு கண், இன்னொரு கண். அக்கா சில நாள் படத்தைப் பார்க்காமல் வேறெங்காவது பார்த்துக்கொண்டு நிற்பாள். பார்த்தால் கை தளர்ந்துவிடும் என்று பயம். கை குணமாகவில்லை. சில நாள் நாலு கோடு, சில நாள் அதுவும் இல்லை. போட்ட கோடு பிடிக்காமல் துடைத்தெறிந்த நாட்களே அதிகம்.

கடைசியாக வாயை வரைய வேண்டியபோது தூரிகையைத் துணிக்கு அருகே கொண்டுபோனவன் நின்றுவிட்டான். கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கை வலிக்குதா?"

"இல்லை. போதும்க்கா."

"இன்னும் நாள் இருக்கேடா. பிறந்தநாள் வரலையே."

"வயசு சரிதான். உன் வாய் மாறிப்போச்சு." கண்ணாடியில் அவளைப் பார்த்தபடியே சொன்னான். "ஓரத்துல ரெண்டு பக்கமும் இறங்கிடுச்சு. இந்த வருஷம் இறங்கினது. என் கையைப் பாத்துப் பாத்து."

அக்கா கண்ணாடியைப் பார்த்தாள். அவன் சொன்னது சரி. அம்மாவுக்கு அந்தக் கோடுகள் இல்லை.

"அந்தக் கோடு ரெண்டையும் விட்டுட்டு வரையேன்."

"எங்கே விடறது, எது வரைக்கும் விடறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பாத்ததே இல்லையே."

அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் நினைவிலிருந்து சொல்வதைக் கேட்டு அவன் வரையமாட்டான், அதுவும் அவனுக்குப் பொய்தான். அவள் அவன் கையை மெதுவாக மடியில் இறக்கி வைத்து, பட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். தூரிகைகளைக் கழுவி, முனைகளைத் தன் விரலால் கூராக்கி வைத்தாள். பிறகு அவை எடுக்கப்படவில்லை.

கை அப்படியே நின்றுவிட்டது. அக்கா கண்ணாடியைக் கடைக்கு இறக்கிக்கொண்டாள். விஷயம் தெரியாமல் இன்னும் சிலர் போட்டோவோடு வருகிறார்கள், காலைத் துடைத்துக்கொண்டு மேலே போகிறார்கள். போன வாரம் வந்த ஒருவர் சுவரில் இருந்த படத்தின் முன் நின்று, "யாரு இது?" என்றார்.

"எங்கம்மா."

"கண்ணு அப்படியே பாக்குது. வாய் எங்கே?"

தம்பியின் கை எழும்பவில்லை. தாடையால் படிக்கட்டைக் காட்டினான். கீழே அக்கா யாரிடமோ கால் துடைக்கச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அது கீழே கடை நடத்துது" என்றான்.