காலனித் தெரு என்னை நம்பாமல் போன வருடம்

எழுபதுகளின் நடுவில், அரும்பாவூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் ஆரம்பப் பள்ளியில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. சொந்த ஊர் அரியலூர். அப்போது கல்யாணம் ஆகவில்லை. அரும்பாவூரில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, தினமும் ஏரிக்கரை வழியாக நடந்து போய்ப் பாடம் நடத்திவிட்டு வருவேன். பள்ளியில் நானும் தலைமை ஆசிரியரும்தான். ஐந்து வகுப்புக்கும் நாங்கள் இரண்டு பேர். மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒன்றாம் வகுப்பு வாண்டு ஒன்று மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு வந்து என் சேலையைப் பிடித்து இழுக்கும்.

பிள்ளைகள் தானாக வந்து உட்காருகிற பள்ளிக்கூடம் அல்ல அது. கடலை பிடுங்கும் காலம் வந்தால் பாதி வகுப்பு காலி. அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆட்கள் கூலிக்குக் கிளம்புவதற்கு முன் காலையிலேயே காலனித் தெருவுக்குப் போய், வாசல் வாசலாக நின்று பிள்ளைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவோம். என்னைத் தெருமுனையில் பார்த்ததுமே, "டீச்சர் வந்துட்டாங்க, மூஞ்சியக் கழுவுடா" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். கம்பங்கூழ் குடிக்கச் சொல்வார்கள். குடிப்பேன். பிள்ளையை அனுப்பாத அப்பாக்களை வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்வேன். என்னைவிட இருபது வயது மூத்த மனிதர்கள் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார்கள். அப்படி ஒரு உரிமை அதற்குப் பிறகு எந்த ஊரிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தத் தெருவில் இருந்துதான் அவள் வந்தாள். ஐந்தாம் வகுப்பு. இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு வருவாள். அவனை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டு, நான் சொல்லாமலேயே ஒன்றாம் வகுப்பைக் கையில் எடுத்துக்கொள்வாள். நான் எப்படி அதட்டுவேனோ அதே மாதிரி, என் குரலிலேயே அதட்டுவாள். வகுத்தல் கணக்கில் நான் தப்பு விட்டால் எழுந்து நின்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள். அந்தத் தெருவில் அதுவரை ஒரு பெண்ணும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. இவளைத் தாண்ட வைத்துவிடுவது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பெரம்பலூரில் பெண்களுக்கு அரசாங்க ஹாஸ்டல் இருந்தது. சோறும் துணியும் புத்தகமும் அங்கேயே. ஒரு சனிக்கிழமை நேரில் போய்ப் பேசி, ஆறாம் வகுப்புக்கு அவளுக்கு ஒரு இடமும் சொல்லி வைத்துவிட்டு வந்தேன். அப்பா நேரில் வந்து சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள்.

அந்த வருடம்தான் குடும்பக் கட்டுப்பாடு மும்முரமாக நடந்தது. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் ஆசிரியர்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்கள். ஒவ்வொரு ஆசிரியரும் ஆபரேஷனுக்கு ஆள் கொண்டுவர வேண்டும். மனுஷன் என்று சொல்லமாட்டார்கள், 'கேஸ்' என்பார்கள். அதுவரை ஒரு கேஸும் பிடிக்காதவர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றோம். கேஸ் வரும் வரை சம்பளம் இல்லை என்றார்கள். தாலி ஏறாத ஒரு பெண் ஆம்பிளைகளிடம் போய் இதை எப்படிப் பேசுவாள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை. வாயைத் திறந்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தலைமை ஆசிரியர் மெதுவாகச் சொன்னார். "நீ ஒண்ணும் பேச வேணாம்மா. கூட வந்து நின்னா போதும். நான் பேசிக்கிறேன்." நல்ல மனிதர். பேரன் பேத்தி எடுத்தவர். ஆனால் எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். காலையில் அதே தெரு, அதே வாசல்கள். பிள்ளை கேட்டு நின்ற இடத்திலேயே போய் அப்பாக்களையும் கேட்டு நின்றோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு பேசுவார். நான் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பத்து நாள் ஆகவில்லை, தெரு மாறிப்போயிற்று. எங்களைக் கண்டால் ஆண்கள் பின்பக்கமாகச் சோளக்கொல்லைக்குள் இறங்கிவிடுவார்கள். "டீச்சர் வந்துட்டாங்க" என்ற குரல் அப்போதும் கேட்டது, ஆனால் அது ஓடச் சொல்கிற குரல். எங்கேயோ ஒரு ஊரில் ஆட்டுக்கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்துவிட்டார்களாம். அது நிஜமா பொய்யா, எனக்குத் தெரியாது. தெரு முழுக்க அதை நம்பியது. பிள்ளைகளும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவள் மட்டும் வந்தாள். ஆனால் பழைய வாய் இல்லை.

கடைசியில் தலைமை ஆசிரியர் ஆபரேஷனுக்குத் தன் பெயரையே கொடுத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து மெல்ல நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "ஒண்ணு முடிஞ்சுதும்மா" என்றார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கரும்பலகையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டு அழுதேன். இந்த வயதில், இந்த மனிதருக்கு இது தேவையா? படித்துவிட்டு வேலைக்கு வந்ததே அவமானம் என்று அன்றைக்குத் தோன்றியது.

கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் நேரம் வந்தது. ஹாஸ்டலில் சேர்க்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. ஒரு சாயங்காலம் நான் மட்டும் தனியாக அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார், ஓட நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. நான் ஹாஸ்டலைப் பற்றி எல்லாம் சொன்னேன். சோறு, துணி, புத்தகம், லீவுக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது வரை. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நானே வரணுங்களா? அவ அம்மா வந்தா ஆவாதா?"

"இல்லைங்க, அப்பாதான் வரணும்னு சொல்லிட்டாங்க."

 அவர் எழுந்து நின்று, "சரிங்க டீச்சர். திங்கக்கெழம காலையில பஸ்ஸுக்கு வந்துடுறோம்" என்றார். எப்போதும் ஓடி வந்து என் பக்கத்தில் நிற்கிறவள் அன்றைக்குக் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். ஊரை விட்டுப் போகிற கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். வரும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

திங்கட்கிழமை நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, முதல் பஸ்ஸுக்கு முன்பே போய் நின்றேன். பஸ் வந்தது, போயிற்று. அடுத்ததும் போயிற்று. பொறுக்க முடியாமல் காலனித் தெருவுக்கு நடந்தேன். அவர்கள் வீட்டுப் படலை இழுத்துச் சாத்திக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அடுத்த வீட்டு அம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நேத்தே கெளம்பிட்டாங்க டீச்சர். கரும்பு வெட்டுக்குன்னு சொன்னாங்க. எந்த ஊருன்னு சொல்லல." அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "புள்ளையக் காட்டி ஆளப் புடிக்க வந்துருக்கீங்கன்னு பயந்துட்டாங்க. உங்களக் குத்தம் சொல்லல. எங்க வூட்டு ஆம்பளயும் கொல்லையிலதான் கெடக்குறாரு."

நடுத்தெருவில் நின்று, "ஹாஸ்டல்தாங்க, சத்தியமா ஹாஸ்டலுக்குத்தான் கூப்பிட்டேன்" என்று கத்தினேன். யார் வீட்டுக் கதவும் திறக்கவில்லை. அந்த அம்மாளும் உள்ளே போய்விட்டார்.

தனியாகவே பெரம்பலூர் போய், இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சிவிட்டு வந்தேன். பாவம், அவர்களும் கொஞ்ச நாள் வைத்திருந்து பார்த்தார்கள். அப்புறம் வேறு ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். அதில் தப்பில்லை.

மறு வருடம் அந்த உத்தரவெல்லாம் எப்படி வந்ததோ அப்படியே போயிற்று. நிறுத்திய சம்பளமும் வந்தது. நடந்ததைப் பற்றி எந்த ஆபீஸிலும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. காலனிப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அவள் குடும்பம் மட்டும் வரவேயில்லை.

எண்பதுகளின் கடைசியில், நான் அரியலூர்ப் பக்கம் மாற்றலாகி, கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்ட பிறகு, ஒரு நாள் ஏலாக்குறிச்சி போவதற்காக அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். கரும்பு வெட்டப் போகிற கூட்டம் ஒன்று சட்டி பானையோடு உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து, "டீச்சர்" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று. முகத்தை வைத்து எனக்கு அடையாளம் தெரியவில்லை. குரல்தான் காட்டிக்கொடுத்தது. அப்பா இறந்துவிட்டதாகச் சொன்னாள். என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். பிறகு கொஞ்சம் கிட்டே வந்து கேட்டாள்.

"அன்னைக்கு நெசமாவே ஆஸ்டல்ல சேக்கத்தான் கூப்ட்டீங்களா டீச்சர்?"

 இல்லை என்று சொல்லியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்குமோ என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவள் தலையை ஆட்டினாள். "எல்லாரும் அப்பாவத்தான் குத்தம் சொல்லுவாங்க. அவரு போவலாம்னுதான் சொன்னாரு டீச்சர். நாந்தான் அழுதேன். டீச்சர நம்பாதப்பா, போவாதப்பான்னு கால வுடாமப் புடிச்சுக்கிட்டேன்."

அவர்களுடைய மேஸ்திரி சத்தம் போட்டார். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அந்தக் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகும் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன். ஆனால் ஒரு பிள்ளை என் பேச்சை நம்பித் தலையாட்டும்போதெல்லாம், அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியானவள்தானா என்ற பயம் இன்று வரை என்னை விட்டுப் போகவில்லை.