சலிக்காத மாவு

இந்த ஊரில் களியை மென்று தின்றால் சிரிக்கிறார்கள். கேழ்வரகுக் களியைக் கிள்ளி, அவரைக்கொட்டைக் குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்கிவிட வேண்டுமாம். பக்கத்து வீட்டு முனிரத்தினம்மா கொடுத்ததை நான் அல்வாவைப் போல மென்றேன், பல்லெல்லாம் அப்பிக்கொண்டது. "முழுங்கும்மா, தானா எறங்கும். இதுக்கு எதுக்குப் பல்லு?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. மன்னார்குடிக்காரிக்கே சாப்பிடக் கற்றுத்தருகிறாளா!

நம் பக்கத்தில் அரிசியின் வெண்மைதான் குடும்பத்தின் மதிப்பு என்பது உங்களுக்குத் தெரியும். மில்லில் இரண்டு தரம் தீட்டி, மூன்று தண்ணீர் கழுவி, கஞ்சியையும் வடித்துவிட்டு மல்லிகைப்பூவாகப் பரிமாறுவோம். தவிடும் கஞ்சியும் மாட்டுக்கு. கணவருக்கு ஓசூர் தாலுகா ஆபீசில் வேலையாகி நான் இங்கே வந்த பின்னும் அப்பா அந்தப் பச்சரிசியைத்தான் மூட்டையாக அனுப்பினார். எனக்குச் சோறும் மோரும் ஊறுகாயும் இருந்தால் போதும், காய்கறியைத் தொடமாட்டேன்.

குழந்தை பிறந்த பிறகு பாதங்கள் மரத்துப்போயின. ஒரு நாள் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் சந்தையிலிருந்து நடந்து வந்தேன். பிறகு குழந்தையைத் தூக்கவே பயமாகிவிட்டது. "ஊருக்கே வந்துவிடு" என்று அப்பா எழுதினார். கிருஷ்ணகிரி டாக்டர் என் சாப்பாட்டை விசாரித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "சத்து பாதி தவிட்டோட போவுது, மிச்சம் கஞ்சியோட. உன்னைவிட உங்க வீட்டு மாடு நல்லா சாப்பிடுதும்மா. கொழந்தைக்கும் உன் பால்தானே?" ஊசி போட்டு, கைக்குத்தல் அரிசியும் கேழ்வரகும் சாப்பிடச் சொன்னார்.

வெட்கத்தை விட்டு முனிரத்தினம்மாவிடம் மாவு வாங்கினேன். பழக்கதோஷம், அதையும் சலித்துத் தோலைக் கோழிக்குப் போட்டேன். அவள் சல்லடையைப் பிடுங்கிக்கொண்டாள். "கோழிக்கா கால் மரத்துப்போச்சு?"

தைக்கு அப்பா அரிசி மூட்டையோடு வந்தார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனேன். அப்பாவின் கண் கலங்கிவிட்டது. மத்தியானம் களியைக் கண்டதும் அவர் முகம் கறுத்தது. "பஞ்சம் பிழைக்கவா உன்னை இங்க அனுப்பினேன்?" என்றவர், ஒரு வாய் போட்டு மெல்லத் தொடங்கினார்.

"முழுங்குங்கப்பா, தானா எறங்கும்" என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அவர் கிளம்பும்போது அரிசியைக் குதிரில் கொட்டிவிட்டு, அதே சாக்கில் கேழ்வரகு மாவை நிரப்பினேன். அம்மா சலித்துவிடக் கூடாது என்று மூன்று தரம் சொன்னேன். மூட்டை பஸ்ஸின் மேல் ஏறியது. வெளியே நீல மையில் எங்கள் ஊர் மில்லின் பெயர், உள்ளே ஓசூர்.