எஞ்சினோடு போன அகராதிகள்

காலை ஆறு மணிக்குக் குச்சவெளியில் பஸ் ஏறினேன். சாக்கில் சுற்றிய படகு எஞ்சின் காலடியில். மடியில் இரண்டு அகராதிகள்.

"அண்ணை, இவருக்கும் டிக்கெட் எடுக்கோணும்" என்றார் கொண்டக்டர், எஞ்சினைக் காட்டி.

"ஓம் தம்பி, அரை டிக்கெட் போடுங்கோ. ஆள் வருத்தக்காரன், வைத்தியரிட்டைப் போறார்."

பிள்ளைகளே, சிரிக்காதீர்கள். போன மாதமும் இதே எஞ்சினைத் திருகோணமலைத் துறைமுகத்தடி மெக்கானிக் சுமித்திடம் கொண்டுபோனேன். சிங்களத்தில் "எஞ்சின் சரியில்லை" என்று மட்டுமே சொல்லத் தெரிந்தது. அவர் ஓட்டிப் பார்த்தார், நன்றாகவே ஓடியது. பிளக்கை மாற்றித் தந்தார். பிறகு கடலில், ஓடிச் சூடேறியதும், கரை தெரியாத தூரத்தில் நின்றது. துடுப்புப் போட்டுத்தான் வீடு வந்தேன். இந்த முறை ஒழுங்காகச் சொல்லியே ஆக வேண்டும்.

ஏறக்குறைய முப்பத்துநான்கு கிலோமீற்றர். நிலாவெளி தாண்டும்வரை மகளின் பட அகராதியைப் புரட்டினேன். மீன், படகு, நங்கூரம் எல்லாம் இருந்தன. ஆனால் "சூடேறினால் நிற்கிறது" என்பதை யார் படமாக வரைவது?

சுமித்தின் கடையில், கைபேசி அகராதியில் தமிழில் எழுதி, அது தந்த சிங்களத்தைக் காட்டினேன். சுமித் வாசித்துவிட்டு எஞ்சினின் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சலா?" என்று தனக்குத் தெரிந்த துண்டுத் தமிழில் கேட்டுச் சிரித்தார்.

கடைசியாகத் தடித்த தமிழ்–சிங்கள அகராதியைத் திறந்தேன். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் உதாரண வசனம். சிங்கள ஒலி தமிழ் எழுத்திலும் இருந்தது. "சூடானதும்" பால் காய்ச்சும் வசனத்தில் கிடைத்தது. "நிற்கும்" பஸ் வசனத்தில். இரண்டையும் ஒட்டினேன்:

"ரத் வுணாம... நவத்தினவா."

சுமித் இப்போது சிரிக்கவில்லை. எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாயில் பூட்டி ஓடவிட்டார். இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டே காவல் இருந்தோம். இரண்டாவது கோப்பையில் அது நின்றது.

"ஆ!" என்று துள்ளி எழும்பினார். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் பம்பைக் கழற்றினால், உள்ளே சுழலும் ரப்பர் சில்லு தேய்ந்து, சுற்றிவர மணல்.

புதிய சில்லைப் பூட்டியபின் அவர் ஏதோ சொல்ல விரும்பி என் அகராதியை எடுத்தார். முன்னும் பின்னும் புரட்டினார். தமிழ்ச் சொல்லில் தொடங்கும் புத்தகம்; அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது.

"ஏலாது" என்று திருப்பித் தந்து, என் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போனார். கடலால் வந்ததும் நல்ல தண்ணீரில் எஞ்சினை ஓடவிட வேண்டுமாம். செய்து காட்டினார்.

பஸ் ஏறுமுன் சிங்களம்–தமிழ் அகராதி ஒன்றும் வாங்கினேன். இனி எஞ்சின் சாக்கில் இரண்டும் போகும். ஒன்று நான் சொல்ல. மற்றது அவர் சொல்ல.