எங்கள் வீட்டுக்கு வரி வந்த கதை

வரி போட ஆள் வருகிறார் என்றால் ஊரில் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அவரை மாப்பிள்ளை வீட்டாரைப் போல வரவேற்றோம்.

நாங்கள் தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தோம். நான் நடக்கப் பழகுமுன்பே அப்பா போய்விட்டார். அம்மா குவைத்துக்குப் போய்ப் பிறர் வீட்டுத் தரை துடைத்துத் திரும்பி, தோட்டத்துக்கு வெளியே பஸ் பாதையோரம் பத்து பேர்ச் அளவுள்ள சின்னக் காணிக்கு விலை பேசினார்.

காரணம் அக்கா. லயத்துக்கு விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அக்காவை வேலைக்குக் கூப்பிட்ட கடிதம் அங்கேயே கிடந்து, நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு கைக்கு வந்தது. அக்கா அழவில்லை. அன்று முழுக்க விறகு பிளந்தாள். நமக்கென்று ஒரு வீடு, அதற்கென்று ஒரு நம்பர் என்று அம்மா முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

காணிக்கு உறுதிப் பத்திரம் எழுதப் பதுளைக்குப் போனோம். காணி விலைக்கு மேலே முத்திரை வரியும் கட்ட வேண்டும் என்று பத்திரம் எழுதும் நொத்தாரிசு சொன்னதும், கூட வந்த மாமா கொதித்துப்போனார்.

"காசு குடுக்கிறது நாம, காணி குடுக்கிறது அவரு. நடுவுல கவர்மெண்டுக்கு என்ன வேல? வெலைய கொறச்சு எழுதுங்க ஐயா."

"குடுத்தத எழுதுங்க," என்றார் அம்மா. "கொறச்சு எழுதுனா கொறஞ்ச காணியாத்தான் இருக்கும்."

அம்மாவின் தோடு அன்று மாலையே அடகுக்குப் போனது. காதில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டுதான் அவர் கல் சுமந்தார். இரண்டு அறை எழும்பியது. மேலே தகரம்.

புது வீடுகளுக்கு வரி மதிப்பிடப் பிரதேச சபையிலிருந்து ஒரு ஐயா வருகிறார் என்று சேதி வந்தது. சீமெந்துக் கடை முதலாளி அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நல்ல சாமான் ஏதும் இருந்தா ஒளிச்சு வைங்க. வெறும் கொட்டில் மாதிரி காட்டினா ஒண்ணும் போட மாட்டாங்க."

நல்ல மனதோடுதான் சொன்னார். அம்மாவுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. கொட்டில் என்று எழுதிவிட்டால் வரி இல்லை. வரி இல்லையென்றால் நம்பரும் இல்லை. அக்காவின் அடுத்த கடிதமும் தோட்டத்து ஆபீசிலேயே தூங்கும்.

லயத்தில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தால், மற்ற வீட்டுச் சாமானெல்லாம் அந்த வீட்டுக்குப் போய்விடும். கதவுத் திரை ஒரு வீடு, கடிகாரம் ஒரு வீடு, பலகாரத் தட்டு ஒரு வீடு. யாரும் கேட்கக்கூட வேண்டாம். அம்மா அந்த வழக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார். விடிந்ததும் லயமே எங்கள் காணிக்கு இறங்கி வந்தது. நான் சுவர்க் கடிகாரத்தைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தேன். மாமா சோபாவைத் தலையில் சுமந்தார்.

"வரி போட வாறவனுக்கு சோபாவாம்! இந்தக் கூத்து வேற எங்கயாச்சும் நடக்குமா?"

"பேசாம தூக்குண்ணே. கால் இடிக்குது பாரு," என்றார் அம்மா.

வந்தவர் ஒரு சிங்கள ஐயா. தமிழ் பேசினார், எழுத்துக்கூட்டி வாசிக்கவும் செய்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். தேநீர் கொடுத்த எவர்சில்வர் டம்ளரில் சொந்தக்காரியின் பெயர் வெட்டியிருந்தது. தண்ணீர் டம்ளரில் வேறு பெயர். பலகாரத் தட்டில் மூன்றாவது பெயர்.

"அம்மா, இந்த வீட்டுல எத்தன குடும்பம் இருக்கு?"

மாமா கூரையைப் பார்த்தார். அம்மா மட்டும் நிமிர்ந்து நின்றார்.

"சாமான் எரவல்தாங்க ஐயா. சொவரு எங்களது. கொட்டில்னு மட்டும் எழுதிப்புடாதீங்க. வரி எவ்வளவு வேணும்னாலும் போடுங்க."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எல்லா வீட்டுலயும் சாமான் ஒளிக்கிறது. இங்க எரவல் வாங்கி வச்சிருக்கு! நாங்க கதிரை சோபாவுக்கு வரி போடுறது இல்ல அம்மா. சுவருக்கும் கூரைக்கும்தான்."

பிறகு எழுந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். அறைகளை அளந்தார். அடுப்படி, கக்கூஸ் எல்லாம் பார்த்தார். அம்மாவின் கை ஈர்க்குச்சியைத் திருகிக்கொண்டே இருந்தது. கடைசியாக வாசலில் நின்று சொன்னார்: "இது கொட்டில் இல்ல. நல்ல வீடு."

மாமா அவரைக் கட்டிப்பிடிக்கப் போய், வெட்கப்பட்டுக் குடையை எடுத்துக் கொடுத்தார்.

நம்பர் வந்ததும் மாமா அதைச் சிவப்புப் பெயின்டில் சுவரில் எழுதினார். பாதையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும் அளவுக்குப் பெரிதாக. அந்த நம்பரைத் தேடித் தபால்காரர் கொண்டுவந்த முதல் கடிதம் வரிப் பத்திரம்தான். அம்மா அவரை உட்காரவைத்துப் பால் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்.

"வரிக் கடுதாசிக்கு ஏசத்தான் செய்வாங்க," என்றார் அவர். "தேத்தண்ணி குடிக்கிறது இதுதான் மொத தடவ."

அக்காவின் கடிதம் பிறகு வந்தது. சரியான நேரத்துக்கு வந்தது. இப்போது அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். எனக்குப் படிப்பு ஏறவில்லை. வெலிமடைக் காய்கறிச் சந்தையில் லீக்ஸ் மூட்டை ஏற்றினேன், எல்ல ஸ்டேஷனில் வெள்ளைக்காரர்களின் பெட்டி தூக்கினேன், கொழும்பில் கடை வாசல்களில் படுத்தேன். எங்கே விலாசம் கேட்டாலும் அந்தச் சிவப்பு நம்பரைத்தான் சொல்கிறேன்.

முதல் வரிப் பத்திரம் வந்த அன்று, வரி என்பது வீடு கட்டியவர்களுக்குக் கொடுக்கும் பரிசு என்றே நினைத்தேன். "அடுத்த வருசமும் வருமாம்மா?" என்று கேட்டேன்.

"வருசா வருசம் வரும்டா," என்றார் அம்மா, தீபாவளியைப் பற்றிச் சொல்வதுபோல. வருசா வருசம் நாம் இங்கேயே இருப்போம் என்றுதான் அவர் சொன்னார். அது எனக்கு அப்போது விளங்கவில்லை.