வாங்கு, மிதி, எறி

பேஸ்பால் என்ன பெரிய வித்தை, கிரிக்கெட்டைக் கொஞ்சம் அவசரமாக ஆடினால் அதுதானே என்று, அந்த ஆட்டத்தைச் சம்பளத்துக்கு ஆடியவரிடமே சொல்லித் தொலைத்தேன். கல்லூரி கிரிக்கெட் அணியில் ஆடியவன் நான் என்றும் சேர்த்துக்கொண்டேன். ஆடவில்லை, ஸ்கோர் எழுதினேன்.

அவர் எங்கள் ஒரகடம் தொழிற்சாலைக்குத் தரம் பார்க்க வந்த ஜப்பானியர். அவர்கள் ஊர் மரியாதையோடு நம் ஊர் மரியாதையையும் ஒட்டி, எல்லோருக்கும் அவர் ‘சான் சார்’. அந்த ஆட்டத்தில் ஓடுகிறவன் போய்ச் சேரவேண்டிய மெத்தைக்கு பேஸ் என்று பெயர். இளமையில் இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்பதுதான் அவர் பிழைப்பு. பெரிய பெயரெல்லாம் இல்லை. அணி அணியாக மாறி, பாதி நாள் பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கால் போனதும் தொழிற்சாலைக்கு வந்தவர். அதில் மிஞ்சிய ஒரே ருசி டபுள் பிளே, அதாவது ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட்டாக்குவது. ஊர் திரும்பியதும் அறுவை சிகிச்சை. பிறகு ஆட்டமே கிடையாது. போகுமுன் எங்களோடு ஒன்றே ஒன்று செய்துவிட ஆசைப்பட்டார். என் புளுகை நம்பி, பர்சேஸில் உட்கார்ந்து தொப்பை வளர்த்த என்னை இரண்டாவது பேஸில் நிறுத்தினார்.

கன்டெய்னர் லாரிகள் நிற்கும் பொட்டலில் ஞாயிறுதோறும் பயிற்சி. எனக்காகவே மூன்று தமிழ்ச் சொற்கள் கற்றுக்கொண்டார்: வாங்கு, மிதி, எறி. அவர் தரும் பந்தை வாங்கி பேஸை மிதித்தால், என் பக்கம் ஓடிவருகிறவன் அவுட். உடனே முதல் பேஸுக்கு எறிந்தால், அடித்துவிட்டு அங்கே ஓடுகிறவனும் அவுட். வாங்கினால் மிதிக்க மறந்தேன். மிதித்தால் பந்து விழுந்தது. இரண்டும் கூடிவந்த அன்று, பழக்கதோஷம், கிரிக்கெட்டில் கீப்பர் நிற்கும் பக்கமாக எறிந்தேன். முதல் பேஸில் நின்ற லைன் சூப்பர்வைசர், பென்னலூர்க்காரர், வெறுத்துப்போனார்.

“இன்னா சார், நான் இங்க கைய நீட்டிகினு நிக்கிறேன், நீ யாருக்கோ பார்சல் அனுப்பிகினு கீறே.”

கடைசி ஞாயிறு, பக்கத்துத் தொழிற்சாலையோடு ஆட்டம். முதல் பேஸிலிருந்து ஒருவன் என் பக்கம் ஓடிவர, பந்து உருண்டு நேராக சான் சாரிடம் போனது. அந்த முழங்காலோடு அவர் குனிந்ததும் தெரியவில்லை, நிமிர்ந்ததும் தெரியவில்லை. பந்து என் கையுறையில் இருந்தது. வாங்கினேன். மிதித்தேன். நடுவர் கையைத் தூக்கினார். ஆயுசெல்லாம் டிவியில் கிரிக்கெட் பார்த்த உடம்பு, ஒருவன் அவுட் என்றால் ஆட்டம் நின்றது என்று தானே முடிவு கட்டிவிட்டது. பந்தை வானத்துக்கு வீசிவிட்டு, சான் சாரைக் கட்டிக்கொள்ள ஓடினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, முதல் பேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்தவன் கடைசி நாலு எட்டை நடந்தே வைத்தான். சூப்பர்வைசரின் கை அப்போதும் நீட்டியபடியே இருந்தது.

அதன்பின் அப்படியொரு பந்து வரவில்லை. சான் சார் திட்டியிருக்கலாம். இடுப்பு வளைய வணங்கி எனக்கு நன்றி சொன்னார்.

அவரை விமான நிலையத்தில் விட்டுவந்த சூப்பர்வைசரிடம், என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேன்டீனில் கேட்டேன்.

“சொன்னாரு சார். தப்பு உம் மேல இல்லியாம். எறின்னு சொல்லிக் குடுத்தவரு, எந்தப் பக்கம்னு சொல்லிக் குடுக்காம வுட்டுட்டாராம்.”